குழி தோண்டுகிறவரின் உயிர்

காரவள்ளியில் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளப்பூர் நாட்டுக்காரர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. வழியில் கேபிளுக்கோ குடிநீர்க் குழாய்க்கோ சாலையோரம் குழி தோண்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வளைவு திரும்பும்வரை அவர்கள் டிரைவர் கண்ணில் படமாட்டார்கள். அந்தக் காலத்தில் எச்சரிக்கை என்றால் ரோட்டில் போட்ட குழையும் நாலு கல்லும்தான்.

தந்திக்கம்பம் நடுபவருக்கும் மின்கம்பி இழுப்பவருக்கும் வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் மேஸ்திரி கூட்டிவந்த தினக்கூலிக்கு முதலாளி யார் என்று கேட்டால், ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டுவார்கள்.

சரி, இடித்த வண்டியிடம் கேட்கலாம். அது நிற்காமல் போய்விட்டால்? 1982 வரை மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு வழியே இல்லை. அந்த வருடத் திருத்தம்தான் இறந்தவர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்றது. 1988 சட்டத்தில் 8,500, 1994-ல் 25,000. அதற்குப் பிறகு 2022 மார்ச் வரை பைசா ஏறவில்லை. இதே காலத்தில் தங்கம் பவுனுக்கு எவ்வளவு ஏறியது என்று வீட்டம்மாவைக் கேளுங்கள்! 2022 ஏப்ரல் 1 முதல் உயிருக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000.

இன்னமும் பலருக்கு இது தெரியாது. நம் பக்கத்தில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், வண்டி நம்பர் தெரியாவிட்டாலும் போலீசில் புகார் எழுதிக் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.