வெண்டைக்காய்க் கணக்கு



"வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு நல்லா வரும்" என்று சொல்லித்தான் உங்கள் எல்லோருக்கும் வீட்டில் ஊட்டியிருப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வழவழவென்று இருக்கும் காயைப் பிள்ளைகளைத் தின்ன வைக்க அம்மாக்கள் கண்டுபிடித்த வழி அது. ஆனால் வெண்டைக்காயில் வேறொரு கணக்கு இருக்கிறது. நம் குழுவில் போன வாரம் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அவனுக்கு நாற்பத்தைந்து வயது, சர்க்கரை வந்து இரண்டு வருஷம் ஆகிறது. "சார், நம்ம பாரம்பரிய முறையில், எண்ணெய் இல்லாமல் மசாலா வெண்டைக்காய் எப்படிச் செய்வது?" என்று கேட்டிருந்தான். வேறொன்றும் எழுதியிருந்தான், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பாரம்பரியம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குள் இருக்கும் வரலாற்று வாத்தியார் எழுந்துவிட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்டை எந்த ஊர்ச் செடி என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. எத்தியோப்பியா, சூடான் பக்கம் என்பவர்கள் அதிகம். இதன் காட்டு உறவு ஒன்று வட இந்தியாவில் வளர்வதால் இங்கேதான் பிறந்தது என்பவர்களும் உண்டு. எழுத்தில் கிடைக்கும் பழைய சாட்சிகளில் ஒன்று எகிப்திலிருந்து வருகிறது. ஸ்பெயினின் செவில் நகரத்தைச் சேர்ந்த அபுல் அப்பாஸ் அந்நபாத்தி என்ற மூலிகை அறிஞர் 1216இல் அங்கே போனபோது, மக்கள் இதைப் பயிரிட்டு இளங்காயை மாவு உணவோடு உண்பதைப் பார்த்து எழுதினார். இன்றும் அரபு நாடுகளில் இதற்கு பாமியா என்று பெயர். துபாயில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மேற்கே போன கதை வருத்தமானது. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகப் பிடித்து அட்லாண்டிக் கடலைக் கடத்திய காலத்தில், இந்தக் காயும் அந்தப் பக்கம் போனது. 1658க்குள் பிரேசிலில் இருந்தது. ஓக்ரா என்ற ஆங்கிலப் பெயர் நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் 'கம்போ' என்று கெட்டியான குழம்பு வைக்கிறார்கள். அந்தப் பெயரும் ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்தான். பிடித்துக்கொண்டு போனவர்களின் சொந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள். காயின் பெயர் மட்டும் மாறாமல் நின்றது.

நம் பக்கம் பெயரைப் பாருங்கள். வெண்டை, மலையாளத்தில் வெண்ட, தெலுங்கில் பெண்ட, கன்னடத்தில் பெண்டெ, சிங்களத்தில் பண்டக்கா. மலேசியாவில் இருக்கும் நம் உறவுகள் கடையில் 'பெண்டி' என்று மலாயில் கேட்டு வாங்குகிறார்கள். இங்கிருந்து போன பெயர்தான் அது.

காய் பழையது, சரி. மசாலா? மஞ்சளும் மிளகும் இந்த மண்ணின் பொருள்கள். சீரகமும் கொத்தமல்லியும் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்து, நாம் மறந்துபோகும் அளவுக்குக் காலம் ஆகிவிட்டது. மிளகாய் அப்படி இல்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு, போர்த்துகீசியர் வழியாக நமக்குக் கிடைத்தது. 1590களில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் அரண்மனைச் சமையலின் அளவுகள் இருக்கின்றன. அதில் மிளகு உண்டு, மிளகாய் இல்லை. மிளகு போல் காரமான காய் என்றுதான் நாம் அதற்கு மிளகாய் என்றே பெயர் வைத்தோம். தக்காளியும் அதே கண்டத்திலிருந்து, இன்னும் பிந்தி நம் அடுப்புக்கு வந்தது. ஆக, ஓட்டலில் சிவப்பாக எண்ணெய் மிதக்க வரும் 'பிந்தி மசாலா'வைப் பாரம்பரியம் என்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எனக்குப் பாரம்பரியமாகத் தெரிவது வழவழப்பை அடக்கத் தெரிந்த கைப்பக்குவம். செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்திருக்கிறீர்களே, அதே வழவழப்புதான். இரண்டும் ஒரே குடும்பம், பருத்தியும்கூட. மேற்கு ஆப்பிரிக்காவிலும் லூசியானாவிலும் குழம்பு கெட்டியாக அதை விரும்பிச் சேர்க்கிறார்கள். நமக்கு அது ஆகாது. புளிப்புப் பட்டால் அந்தப் பசை இளகிவிடும். வேதியியல் படிக்காத நம் பாட்டிகள் புளிக்குழம்பிலும் மோர்க்குழம்பிலும் வெண்டைக்காயைப் போட்டார்கள். செட்டிநாட்டில் அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து மண்டி வைத்தார்கள். வடக்கே காய்ந்த மாங்காய்ப் பொடி தூவுகிறார்கள். புளிய மரமும் ஆப்பிரிக்காவில் தோன்றியதுதான். அரபியர் அதற்கு 'இந்தியப் பேரீச்சை' என்று பெயர் வைத்ததால் உலகமே நம் மரம் என்று நினைக்கிறது!

இப்போது கணக்கு. 250 கிராம் வெண்டைக்காயில் சுமார் 80 கலோரி, 8 கிராம் நார்ச்சத்து. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. பசை போக வேண்டும் என்று மூன்று மேசைக்கரண்டி ஊற்றி வதக்கினால் எண்ணெய் மட்டும் 360. நாம் சாப்பிடுவது காயையா, எண்ணெயையா? எண்ணெய் அறவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், சாப்பிடுகிற மாதிரியும் இருக்க வேண்டுமே. மூன்று பேருக்கு இரண்டு தேக்கரண்டி போதும், 80 கலோரி.

நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிகிற காயாக 250 கிராம். (கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.) முழுசாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். நறுக்கிய பிறகு தண்ணீர் பட்டால் வேலை கெட்டது. அகலமான இரும்பு வாணலியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், கடுகு வெடித்ததும் காயைப் பரப்பி விடுங்கள். மூடி போடக் கூடாது, மூடினால் ஆவி இறங்கிக் கொழகொழத்துவிடும். அடிக்கடி கிளறவும் வேண்டாம். ஏழெட்டு நிமிஷம் கழித்து ஒரு தேக்கரண்டி கெட்டிப் புளித்தண்ணீர் தெளியுங்கள். அது சுண்டியதும் சிட்டிகை மஞ்சள், வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்த மல்லி ஒரு தேக்கரண்டி, மிளகும் சீரகமும் அரை அரை தேக்கரண்டி. உப்பு கடைசியில்தான், முதலில் போட்டால் காய் தண்ணீர் விடும். இரண்டு நிமிஷம் பிரட்டி இறக்குங்கள். மிளகாயே இல்லாத இந்தக் காரம் என் வீட்டில் பேத்திக்கும் பிடித்திருக்கிறது.

தம்பி, உன் கேள்வியின் இரண்டாவது பகுதிக்கு வருகிறேன். ராத்திரி வெண்டைக்காயைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் குடித்தால் சர்க்கரை போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்து, இருபது நாளாக மாத்திரையை நிறுத்தியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நார்ச்சத்துள்ள காய் சர்க்கரைக்காரருக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. காய் மாத்திரையின் வேலையைச் செய்யாது. 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில் எலிகளுக்கு வெண்டைக்காய்ச் சாற்றோடு மெட்ஃபார்மின் கொடுத்துப் பார்த்தபோது, அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேரவில்லை. மனிதர்களிடம் செய்த சோதனை அல்ல அது. ஆனாலும் மாத்திரையோடு இந்தத் தண்ணீரையும் குடிக்கும் மற்றவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நீ நாளைக் காலை வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, உன் மருத்துவரைப் பார்த்து, இருபது நாள் நிறுத்தியதை மறைக்காமல் சொல். சாயங்காலம் எனக்கு போன் செய். எண் எவ்வளவு வந்தது என்று நான் கேட்பேன்.