கட்சி மாறிய வாக்கு: அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேர்தல் வரலாறு

ஒரு மக்கட் கூட்டத்தார் தேர்தல்தோறும் ஒரே கட்சியைச் சார்ந்து நிற்பதைக் காணுங்கால், அச்சார்பு அவர்தம் இயல்பிலேயே அமைந்தது எனக் கருதிவிடுவது எளிது. 1940-இல் ஓகியோ மாநிலத்து ஈரி மாவட்டத்து வாக்காளரை ஆராய்ந்த பால் இலாசர்சுபெல்டும் அவர்தம் குழுவினரும், செல்வநிலை, சமயம், நகரமோ நாட்டுப்புறமோ எனும் வாழிடம் ஆகிய மூன்றும் ஒருவரது வாக்கைப் பெரிதும் உறுதிசெய்வன எனக் கண்டனர். இம்முடிபு பொதுவாக ஏற்கத்தக்கதே. ஆயினும், கூட்டம் மாறாதிருக்க அதன் வாக்கு மட்டும் மாறுவது எங்ஙனம் என்னும் வினா எஞ்சுகின்றது. இதற்கு விடை காண, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

1870-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தம், நிறம் காரணமாக வாக்குரிமையை மறுத்தல் ஆகாது என விதித்தது. அவ்வாண்டே ஐராம் ரெவல்சு என்பார் மிசிசிப்பியின் சார்பில் செனட்டு அவையில் அமர்ந்தார். அக்காலத்துக் கறுப்பின ஆடவர் இலிங்கனின் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தனர். இதனை நன்றியுணர்வு என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. தென்மாநிலங்களில் சனநாயகக் கட்சி வெள்ளையர் மேலாண்மையையே கொள்கையாகக் கொண்டிருந்தமையின், அம்மக்களுக்குத் தேர்ந்துகொள்ள வேறு கட்சி இருக்கவில்லை.

பின்னர் அவ்வாக்கும் பறிபோயிற்று. 1877-இல் நடுவண் அரசின் படைகள் தெற்கில் தம் காவலைக் கைவிட்டன. 1890-இல் மிசிசிப்பி இயற்றிய புதிய அரசியலமைப்பு தலைவரியையும் எழுத்தறிவுத் தேர்வையும் தடைகளாக நிறுத்தியது; பிற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. இலூசியானாவில் 1896-இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் தொகை, 1904-இல் 1,342 ஆகச் சுருங்கியது. எட்டே ஆண்டுகளில் நூற்றுவருள் ஒருவரே எஞ்சினர்! இத்தகைய நாட்டில், எவர் எக்கட்சிக்கு வாக்களித்தனர் என்று கேட்பதற்கு முன், வாக்களிக்க விடப்பட்டவர் யாவர் என்று கேட்டல் வேண்டும்.

மாற்றம் இடப்பெயர்ச்சியால் வந்தது. 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ அறுபது இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுச் சிகாகோ, டிட்ராய்டு, நியூயார்க் முதலிய நகரங்களில் குடியேறினர். அங்கே வாக்குச்சாவடி அவர்களுக்குத் திறந்திருந்தது. 1928-இல் சிகாகோ மக்கள் ஆசுகர் டி பிரீசுட்டைக் குடியரசுக் கட்சியின் சார்பில் காங்கிரசுக்கு அனுப்பினர். 1934-இல் அதே தொகுதியில் அவரை வென்ற ஆர்தர் மிட்செல், காங்கிரசில் இடம்பெற்ற முதற் கறுப்பினச் சனநாயகக் கட்சியினர் ஆவார். இடையே நிகழ்ந்தது 1929-இன் பொருளாதார வீழ்ச்சி. பிட்சுபர்கு நகர இதழாசிரியர் ராபர்ட் வான், இலிங்கனுக்குரிய கடன் தீர்ந்துவிட்டது என 1932-இலேயே முழங்கினார். எனினும் அவ்வாண்டு கறுப்பினத்தவருட் பெரும்பாலோர் ஊவரையே ஆதரித்தனர். 1936-இல் பதின்மருள் எழுவர் ரூசுவெல்ட்டை ஆதரித்தனர்.

ஈண்டு ஒன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. ரூசுவெல்ட்டின் ஆட்சி அவர்களைச் சமமாக நடத்தியது எனல் இயலாது. 1935-இன் சமூகக் காப்புச் சட்டம் பண்ணைத் தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் விலக்கியது. தெற்கில் கறுப்பினத்தவருட் பலர் செய்த தொழில்கள் இவையே. கும்பற்கொலையைத் தடுக்கும் சட்டத்தையும், தென்னாட்டு உறுப்பினர் பகைப்பர் என அஞ்சி, அவர் வலியுறுத்தவில்லை. இருந்தும் வாக்கு மாறியது. பொதுப்பணிக் கூலி, குறைந்த அளவிலேனும், வீடு வந்து சேர்ந்தமையே காரணம் என்பது எம் கருத்து.

அம்மாற்றம் முழுமையானதும் அன்று. 1956-இல் ஐசனோவர் கறுப்பினத்தவர் வாக்கில் பத்தில் நான்கு பங்கை நெருங்கினார். 1960 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங் சிறைப்பட்டபோது, கென்னடி அவர்தம் மனைவியாரைத் தொலைபேசியில் அழைத்து ஆறுதல் கூறினார். நிக்சனை ஆதரித்திருந்த கிங்கின் தந்தையார் கட்சி மாறினார். அவ்வழைப்பே வெற்றியைத் தந்தது என்பார் உளர், அது மிகை. 1964-இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்டுவாட்டர் குடியரசுக் கட்சியின் வேட்பாளரானதே பெருந்திருப்பம். கறுப்பினத்தவர் ஏறத்தாழ முற்றிலும் அக்கட்சியை விட்டு நீங்கினர்; தென்கோடி மாநிலங்கள் ஐந்தும் அவருக்கு வெற்றி தந்தன. ஒரே சட்டம் இருசாராரையும் எதிரெதிர்த் திசைகளில் செலுத்தியது.

1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிசிசிப்பியில் நூற்றுக்கு ஏழுபேரே பதிவு பெற்றிருந்த நிலை மாறி, இரண்டே ஆண்டுகளில் அறுபதின்மர் பதிவு பெற்றனர். 1967-இல் ராபர்ட் கிளார்க்கு என்னும் ஆசிரியர் அம்மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருவர் அமரும் மேசையில் அவர் தனியே அமர்ந்திருந்தார்.