வயல் நாட்டில் ஒரு காடு

காரைக்கால் பக்கம் ஒரு வீட்டில் சாவு என்றால், "எப்போ எடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள். பறை முன்னே போக, பாடை காட்டுக்குப் போகும். வரட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே சேறு பூசி மூட்டம் போடுவார்கள். உள்ளுக்குள்ளேயே கனன்று, விடிவதற்குள் எரிந்து தீரும். மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்குவதற்குக் காடாத்து என்று பெயர்.

காவிரிக் கடைமடையில், கண்ணுக்கெட்டிய தூரமும் நெல் விளையும் மண்ணில், காடு எங்கிருந்து வந்தது?

கொங்கு நாட்டில் மேட்டு நிலமே காடு. "காட்டுக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறார். காரைக்காலில் ஒரு முதியவரைப் பற்றி அப்படிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் வாயைப் பொத்துவார். மரக்காட்டை வெட்டி வயலாக்கிய பிறகு, இங்கே அந்தச் சொல் நெடுங்காடு போன்ற ஊர்ப்பெயரிலும் சாவிலும் ஒதுங்கிக்கொண்டது என்பது என் எண்ணம்.

பழந்தமிழில் முதுகாடு, புறங்காடு. புதைத்தால் இடுகாடு, எரித்தால் சுடுகாடு. இதே கடற்கரையில் வடக்கே இருந்த புகாரின் சுடுகாட்டை மணிமேகலை விரித்துச் சொல்கிறது. மதில் சூழ்ந்த ஒரே வளாகத்துக்குள் எரிப்பவர், வெறுமனே போட்டுவிட்டுப் போகிறவர், குழி தோண்டிப் புதைப்பவர், பள்ளமான இடத்தில் வைத்து அடைப்பவர், தாழியால் கவிப்பவர் என ஐந்து வழக்கங்களும் நடக்கின்றன. செங்கல்லில் கட்டிய நினைவுக் கோட்டங்களும் உண்டு.

அந்தக் காடு நிஜக் காடாகவே நிற்பது காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகங்களில். கள்ளி, நள்ளிரவில் ஒலிக்கும் வாகை நெற்று, பேய்கள். பெண்கள் பாடையோடு தெருமுனைவரைதான் போவது இன்றும் வழக்கம். வணிகக் குடும்பத்தில் புனிதவதியாகப் பிறந்த அம்மையாரோ காட்டுக்குள்ளேயே நின்று, தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டு பாடினார். காரைக்காலில் அவருக்கு எடுக்கும் மாங்கனித் திருவிழாவுக்குத் திரளும் கூட்டம் அந்தப் பதிகங்களையும் ஆசையாகப் படித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மயானம் வடமொழியிலிருந்து வந்தது, பேச்சில் மசானம். சைவர்களுக்கு மயானக் கோயில்கள் ஐந்து: கச்சி, காழி, வீழி, நாலூர், கடவூர். கடைசியாகச் சொன்னது காரைக்காலுக்கு வடக்கே, திருக்கடையூரை ஒட்டி இருக்கிறது. அந்த ஊர் இன்று திருமெய்ஞ்ஞானம். குடியிருக்கும் ஊரை மயானம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

முஸ்லிம்கள் சொல்வது மையவாடி. மையத்து, பிணத்தைக் குறிக்கும் அரபுச் சொல். வாடி, மீன்வாடியிலும் விறகுவாடியிலும் உள்ள அதே அடைப்பு. கிறிஸ்தவர்களுக்குக் கல்லறை. கல்லே கிடைக்காத வண்டல் மண்ணில், மணிமேகலைக் கோட்டங்களைப் போல அதையும் செங்கல் வைத்துத்தான் எழுப்ப வேண்டும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குமுன் சுண்ணாம்பு அடிப்பார்கள்.

மையவாடி, கல்லறை என்று கேட்டால் வழி சொல்வார்கள். சுடுகாடு என்று கேட்டால், "எந்தத் தெரு?" என்ற எதிர்க்கேள்வி வரும். டெல்டா கிராமங்களில் சாதிக்கொரு காடு, அதற்கொரு பாதை. சில பாதைகள் வரப்போடு முடிந்துபோகும். மழைக்காலத்தில் பாடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டியதுதான். காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் 1954இல் போனபின்னும் இங்கே உள்ளாட்சிக்குக் கொம்யூன் என்றே பெயர். பொது என்ற பொருள் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்தும் எல்லாத் தெருவுக்கும் பொதுவாக ஒரு காட்டையும், அதற்கு ஒரு நல்ல பாதையையும் முதலில் போட்டுத் தரட்டும்.