தாய்வானும் இன்டர்போலும்: ஒரு நாட்டின் சட்டம் கதவைத் திறக்குமா?

2017 ஒக்டோபரில் தாய்வானின் ஃபார் ஈஸ்டர்ன் இன்டர்நெஷனல் வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியவர்கள், சுமார் 6 கோடி அமெரிக்க டொலரை வெளிநாடுகளுக்கு மாற்றினர். பணம் அனுப்பப்பட்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இங்கும் சந்தேக நபர்கள் கைதாகினர். பணத்தின் பெரும்பகுதி மீட்கப்பட்டது.

இலங்கை இன்டர்போலில் அங்கம் வகிக்கிறது. பணத்தைப் பறிகொடுத்த தாய்வானுக்கு அங்கே இடமில்லை. 1984இல் மக்கள் சீனக் குடியரசு இணைந்தபோது தாய்வான் வெளியேற நேர்ந்தது. அன்று முதல் உறுப்பு நாடுகளின் பொலிஸாரை இணைக்கும் தொடர்பு வலையமைப்பும், களவுபோன கடவுச்சீட்டுகள் பற்றிய தரவுத் தளமும் அதன் பொலிஸாருக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை.

இந்நிலையை மாற்ற அமெரிக்க காங்கிரஸ் சட்டமொன்றை நிறைவேற்றியது. 2016 மார்ச் 18இல் ஜனாதிபதி ஒபாமா அதில் கையொப்பமிட்டார். தாய்வானுக்கு இன்டர்போலில் பார்வையாளர் அந்தஸ்து பெற்றுக்கொடுக்கத் திட்டம் வகுக்குமாறு அது இராஜாங்கச் செயலாளரைப் பணிக்கிறது. சட்டத்தின் எல்லையும் அங்கேயே முடிகிறது. அமெரிக்க அரசை அது கட்டுப்படுத்தலாம், இன்டர்போலை அல்ல. அதே ஆண்டு நவம்பரில் பாலியில் நடந்த பொதுச் சபையில் தாய்வானுக்கு இடம் கிடைக்கவில்லை. பெய்ஜிங்கே சீனாவின் பிரதிநிதி என்ற 1984ஆம் ஆண்டு முடிவே குறுக்கே நின்றது.

புதிய உறுப்பினரைச் சேர்க்கப் பொதுச் சபையின் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். 2017 செப்டெம்பரில் பெய்ஜிங்கில் கூடிய சபையில், இஸ்ரேலின் எதிர்ப்பையும் மீறி, பலஸ்தீனம் 75 ஆதரவு வாக்குகளுடன் உறுப்புரிமை பெற்றது. எதிராக 24 வாக்குகளே விழுந்தன. 34 நாடுகள் வாக்களிக்கவில்லை. அடுத்த ஆண்டு துபாயில் கொசோவோவுக்குத் தேவையான பெரும்பான்மை கிடைக்கவில்லை.

பலஸ்தீனத்துக்காக அமெரிக்க காங்கிரஸ் இத்தகைய சட்டம் எதையும் இயற்றவில்லை. தாய்வானுக்குப் பொருந்தும் பாதுகாப்பு நியாயம் பலஸ்தீனத்துக்கும் கொசோவோவுக்கும் பொருந்தாதா? நட்பு நாட்டுக்கு ஒரு அளவுகோல், மற்றவருக்கு வேறொன்று என்றால், அது பொலிஸ் ஒத்துழைப்பல்ல, இராஜதந்திரப் போட்டி. தாய்வானுக்குக் கதவடைக்கும் சீனாவுக்கும் இதே கேள்வி பொருந்தும்.

அரசியல், இராணுவ, மத, இன விவகாரங்களில் தலையிடுவதை இன்டர்போல் யாப்பின் 3ஆவது உறுப்புரை தடை செய்கிறது. அந்த உறுப்புரையை உண்மையாகவே மதிப்பதாயின், களவுபோன கடவுச்சீட்டு ஒன்றின் இலக்கத்தைப் பகிர்வதற்குக் கொடியோ இறைமையோ தடையாக இருக்கக் கூடாது. ஒரே சீனா என்ற கொள்கையை ஏற்கும் இலங்கை போன்ற நாடுகளும், அங்கீகாரம் என்ற கேள்வியைத் தொடாமலே, இத்தகைய தொழில்நுட்ப ரீதியான தகவல் பகிர்வை ஆதரிக்கலாம். அங்கிருந்து திருடப்பட்ட பணம் நம் வங்கிகள் வரை வந்ததை 2017இல் கண்டோம். விடுபட்ட இடத்தைக் குற்றவாளிகள் பயன்படுத்தும்போது, நட்டம் தாய்வானோடு நின்றுவிடுவதில்லை.