நிழற்படத்தில் நிற்கும் கலங்கள்

சென்னைக்கு இயற்கை அளித்த துறைமுகம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டே நின்றன. மனிதரையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அறையாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது பிளந்துவிடாமல் வளைந்து கொடுக்கும் பொருட்டே அவ்வாறு அமைத்தனர். பின்னர்த் துறைமுகம் எழுந்தது. பெருங்கப்பல்களை உள்ளே இழுத்துவர இழுவைக் கப்பல்களும், அடியில் படியும் மணலை அகற்றத் தூர்வாரும் கப்பல்களும் வந்தன.

இவ்வேலைக் கலங்களைப் புகழ்ந்து எழுதியவர் மிகச் சிலரே. உழைத்துத் தேய்ந்தபின் அவை பழைய இரும்பாக உடைக்கப்படுவதே வழக்கம். பல கலங்களுக்கு எஞ்சியிருக்கும் சான்று நிழற்படம் ஒன்றே. அதனை எவ்வாறு படிப்பது? நான் வகுப்பில் கற்பித்து வந்த முறையை உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலில், கலத்தை விட்டு அதன் பின்னணியைப் பாருங்கள். கடற்கரையில் இரும்புப் பாலத்துறை 1861இல் அமைந்தது. உயர் நீதிமன்றக் கட்டடம் 1892இல் நிறைவெய்தியது. மயிலாப்பூர்ச் சாந்தோம் தேவாலயம் இன்றைய ஊசிக் கோபுரத்தோடு 1896இல் எழுந்தது. கட்டுமரத்தின் பின்னே அக்கோபுரம் தெரியுமாயின், படம் அவ்வாண்டிற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. தெரிய வேண்டிய திசையில் கோபுரம் காணப்படவில்லையெனில், படம் அதற்கு முந்தியது எனக் கருதலாம். இவ்வாறு முன்னெல்லை ஒன்றும் பின்னெல்லை ஒன்றும் கிடைக்கும். இடையிலுள்ள காலமே படத்தின் காலம்.

அடுத்து, கலத்தின் முகப்பில் எழுதிய பெயரைத் தேடுங்கள். பெயர் கிடைத்தால், 1764இல் தொடங்கிய லாயிட்ஸ் கப்பற் பதிவேடு போன்ற ஏடுகளில் கட்டிய ஆண்டையும் இடத்தையும் காண வழியுண்டு. ஆயினும் பழைய கலம் ஒழிந்தபின் புதிய கலத்திற்கு அதே பெயரைச் சூட்டுதலும் உண்டு. ஆதலின் புகைபோக்கி, பாய்மரம், மேல்தளம் ஆகியவற்றையும் ஒப்பிட்டே முடிவு செய்தல் வேண்டும். எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால், கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சிட்டனர் என்று அறிக. அஞ்சலட்டையில் உள்ள முத்திரை அஞ்சலில் சேர்த்த நாளையே காட்டும். படம் பல ஆண்டுகள் பழையதாக இருக்கலாம்.

தூர்வாரும் கப்பல் ஏன் வந்தது என்பதற்கும் படங்களே விடை தருகின்றன. 1876இல் தொடங்கிய துறைமுகச் சுவர்கள், 1881ஆம் ஆண்டுப் புயலில் பெரிதும் சிதைந்து மீண்டும் கட்டப்பட்டன. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அச்சுவர்கள் தடுத்தன. தெற்கே மெரீனா மணற்பரப்பு ஆண்டுதோறும் விரிந்தது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. மெரீனாவின் பழைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால், கடல் விலகிய தொலைவைக் கண்ணாலேயே காணலாம். அம்மணல் துறைமுக வாயிலையும் அடைக்க முற்பட்டதனால், அதனை ஓயாது அகற்றுதல் இன்றியமையாததாயிற்று.

இனி, மயிலைக்கு வாருங்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்க் கால்வாய், 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசித்த மக்கள் கூலிக்காகத் தோண்டிய நீர்வழி அது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. காற்று இல்லாதபோது ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தனர். 1803இலேயே ஸ்காட்லாந்தின் கால்வாய் ஒன்றில் சார்லட் டண்டாஸ் என்னும் நீராவிக் கலம் இரு படகுகளை இழுத்துக் காட்டியது. நம் கால்வாயிலோ அவ்வேலையை மனிதத் தோள்கள் நெடுங்காலம் செய்தன. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களால் கால்வாய் பெரிதும் சேதமுற்றது. 1997இல் திருமயிலை வரை பறக்கும் ரயில் வந்தது. அதன் தூண்கள் கால்வாயை ஒட்டியும் கால்வாயினுள்ளும் நிற்கின்றன. தூண்கள் இல்லாமல் படகு மட்டும் தெரியும் மயிலைப் படம் எவரிடம் இருப்பினும், அஃது அரிய ஆவணமாகும்.

ஆளுநரின் பெயரைக் கால்வாய் காத்தது. கயிறு இழுத்தவரின் பெயரை எதுவும் காக்கவில்லை. அவர் முகம் மட்டும் ஏதேனும் ஒரு படத்தின் ஓரத்தில் நிற்கக்கூடும்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் இல்லத்திலுள்ள பழைய படங்களை எடுங்கள். பாட்டனார், பாட்டியாரிடம் காட்டி, இடம் எது, ஆண்டு எது, நிற்பவர் யார் என்று கேளுங்கள். விடையை மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் எழுதுங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். அறிந்தவர் நம்மோடு இருக்கும்போதே இதனைச் செய்துவிடுங்கள்.