ஓய்வுநாள்: எது ஓய்கிறது?

தமிழ் விவிலியத்தில் ‘ஓய்வுநாள்’ என வரும் எபிரேயச் சொல் ‘ஷபாத்’. அதனோடு ஒட்டிய வினைக்கு நிறுத்துதல், விட்டுவிடுதல் என்பதே முதற்பொருள். இஸ்ரயேலருக்கு வானிலிருந்து கிடைத்த உணவான மன்னா கானானில் நின்றுபோனதை யோசுவா நூல் அதே வினையால்தான் சொல்கிறது. மன்னாவுக்கு ஏது களைப்பு? ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்தார் என்பதிலும் அலுப்பைத் தேட வேண்டியதில்லை. மழை ஓய்ந்தது என்கையில் தமிழ் ‘ஓய்’ இதே பொருளைத் தருகிறது. நாம்தான் அதைப் பகல் தூக்கத்தோடு சேர்த்துவிட்டோம். உபாகம நூலோ அடிமையும் மாடும்கூட ஓய்வுநாளன்று வேலையை விட வேண்டும் என்கிறது. காரணமாக அது நினைவூட்டுவது எகிப்தின் அடிமைத்தனத்தை.

அப்படியானால் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் ஏழாம் நாளான சனிக்கிழமையை விட்டு ஞாயிறைக் கடைப்பிடிப்பது மீறல்தானே என்று, சனியையே ஓய்வுநாளாகக் கொள்ளும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையினர் கேட்பது நியாயமே. ஆனால் ஞாயிறு இயேசுவின் உயிர்த்தெழுதலை நினைத்துக் கூடும் வழிபாட்டு நாளாகத்தான் முதலில் வந்தது. அன்று வேலையை நிறுத்தச் சொன்ன ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் அரசாணை பிந்தியது, கி.பி. 321; அதிலும் உழவர்களுக்கு விலக்கு உண்டு.