கணினிச் சட்டம் யாருக்குக் காவல்?

2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் இந்நாட்டுச் சனாதிபதியின் இணையத்தளத்தைத் திறந்தவர்கள், அரசாங்கச் செய்திகள் இருக்கவேண்டிய இடத்தில் சிங்கள மொழியில் எழுதப்பட்ட விண்ணப்பம் ஒன்றைக் கண்டனர். க.பொ.த. உயர்தரப் பரீட்சையைச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடத்தும் எண்ணத்தை மீளாய்வு செய்யுமாறு அது வேண்டிநின்றது. சில தினங்களுக்குள் கடுகண்ணாவையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் கைதானான். அவன்மீது பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம்.

பிறர் கதவை அனுமதியின்றித் திறத்தல் பிழையே. அதனை நியாயப்படுத்துவது எனது நோக்கமன்று. ஆயினும், பிள்ளைகளைப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் தொழிலில் இருக்கும் எனக்கு, அச்சிறுவனின் துணிவைக் காட்டிலும் அவனை எட்டிப் பிடித்த சட்டத்தின் வேகமே சிந்தனையைத் தூண்டியது. திறக்கப்பட்டது யாருடைய கதவு என்பதைப் பொறுத்துத்தான் சட்டத்தின் கால்கள் விரைகின்றனவா?

இக்கேள்விக்கு வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1980களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் இருவர், தொலைபேசி வழியே இயங்கிய பிரெஸ்டெல் என்னும் கணினிச் சேவைக்குள் நுழைந்து, இளவரசர் பிலிப்பின் அஞ்சற் பெட்டியைத் திறந்துவிட்டனர். அவர்களைத் தண்டிக்கத் தக்க சட்டம் கிடையாது. பொய்யாவணம் புனைந்தோரைத் தண்டிக்கும் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தை இழுத்துப் பொருத்திப் பார்த்தனர், பொருந்தவில்லை. 1988இல் பிரபுக்கள் சபை அவர்கள் விடுதலையை உறுதிசெய்தது. இரண்டே ஆண்டுகளில், 1990இல், கணினியைத் தவறாகப் பயன்படுத்தலுக்கு எதிரான சட்டம் அங்கு பிறந்தது. அரண்மனையின் கதவு தட்டப்பட்ட பின்னரே சட்டம் விழித்தது எனக் கூறின் தவறாகாது.

பழைய சட்டங்களின் இடர்ப்பாடு விளங்கிக்கொள்ளக் கூடியதே. எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. அசையும் பொருளொன்றை உடையவரின் வசமிருந்து அகற்றுவதே அதன்படி களவு. பட்டியிலிருந்து மாட்டைக் களவாடினால் பட்டியில் மாடு இராது. கணினியிலிருந்து ஒரு பதிவைக் களவாடினாலோ பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும்! 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் காதற் கடிதம் போன்று வேடமிட்ட ஒரு நச்சுநிரல் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகெங்கும் கணினிகளைச் சீரழித்தபோது, சந்தேகிக்கப்பட்ட இளைஞனை அந்நாடு விடுவிக்க நேர்ந்தது. குற்றமெனச் சொல்லும் சட்டம் இருக்கவில்லை. அடுத்த மாதமே அங்கும் சட்டம் வந்தது.

இலங்கையில் கணினிக் குற்றம் பற்றிய சட்ட ஆலோசனைகள் 1990களிலேயே தொடங்கிவிட்டன. 1998ஆம் ஆண்டளவில், 'இணையக் கரும்புலிகள்' எனத் தம்மை அழைத்துக்கொண்டோர் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல் வீதம் இரு வாரங்கள் அனுப்பியதாக அமெரிக்க ஆய்வாளர் குறித்துள்ளனர். தொலைபேசியே அரிதாயிருந்த எழுவான்கரை, படுவான்கரைக் கிராமத்தவர்க்கு இது எங்கோ நடந்த கதை. ஒருவழியாக 2007இல் சட்டம் நிறைவேறியது. 2015இல் கணினிக் குற்றம் பற்றிய புடாபெஸ்ட் சமவாயத்தில் இணைந்து, தென்னாசியாவில் அதனை ஏற்ற முதல் நாடு என்னும் பெயரையும் இலங்கை பெற்றது.

2007ஆம் ஆண்டுச் சட்டம் பயனற்றதென்று நான் கூறவில்லை. வங்கிக் கணக்கை உடைப்போனையும், பிறர் கணினியைப் பாழ்படுத்துவோனையும் தண்டிக்க அது வேண்டியதே. பெண்ணொருத்தியை இணையத்தில் இழிவுபடுத்தியவனுக்குச் சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில், முறைப்பாடு வந்து ஏறக்குறைய ஏழு மாதங்களுக்குள், சிறைத்தண்டனை விதித்தது. அத்தகைய சட்டம் ஏழைப் பெண்ணுக்கும் காவலாதல் கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால் எமது சட்டத்தின் 18ஆம் பிரிவையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். தொடர்பாடலை இடைமறிக்க நீதவானின் பிடியாணை வேண்டும் என்று முதலிற் கூறும் அப்பிரிவு, அவசரமெனில் பிடியாணை இன்றியும் செய்யலாம் என்று பின்னர் வழிவிடுகிறது. அவசரம் எது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இடைமறிக்க வந்தவரேயன்றோ!

அரசியலமைப்பையாவது நாடலாமெனின், 1978ஆம் ஆண்டு யாப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்கம் என்பதொன்று தனியே இல்லை. 2015இல் தகவல் அறியும் உரிமை சேர்க்கப்பட்டபோது அச்சொல் உள்ளே நுழைந்தது. அதுவும் தகவலை மறுப்பதற்குரிய காரணங்களுள் ஒன்றாக! இந்திய உயர்நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதியரசர்கள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்த்தது. அதற்கு நிகரான தீர்ப்பு இங்கு இல்லை.

எமது பகுதி மக்களுக்குத் தரவு என்பது கணினியோடு வந்த பொருளன்று. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி 1972 முதல் வழங்கப்பட்ட அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய இலக்கத்தின் முதல் ஈரெண்கள் பிறந்த ஆண்டைச் சொல்லும். அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாம் நாள் என்று சொல்லும். பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெயரை வாசிக்கவே வேண்டியதில்லை. இலக்கமே வயதையும் பாலையும் கூறிவிடும். மொழியோ இனத்தையும் கூறியது. 2014இல் எல்லோருக்கும் இருமொழி அட்டை வரும்வரை சிங்களவரின் அட்டையிற் சிங்களம் மாத்திரமே. தமிழர், முஸ்லிம்களின் அட்டையில் இரு மொழிகள். குருக்கள்மடத்துக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே கிடக்கும் இந்தச் செட்டிபாளையத்திலிருந்து நகருக்குப் போய்வந்த ஒரு தலைமுறை, சோதனைச் சாவடிகளில் அந்த அட்டையை நீட்டி நீட்டியே வளர்ந்தது. பின்னர் கைத்தொலைபேசி வந்தது. அட்டையில் இல்லாததெல்லாம் அதற்குள் இருந்தது.

2020 நவம்பரில் மட்டக்களப்பில் ஊடகவியலாளர் ஒருவர், முகநூலில் இட்ட படங்களின் பொருட்டுக் கைதுசெய்யப்பட்டார். அவர்மீது ஏவப்பட்டது கணினிச் சட்டமன்று. கணினிகள் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த 1979இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம். புதிய கருவியைப் பிடிக்கப் பழைய சட்டம் போதவில்லை என்பார் உளர். இங்கோ அது தாராளமாகப் போதுமாயிருந்தது.

இனி இரு சட்டங்களின் நாள்களை எண்ணிப் பார்ப்போம். குடிமகனின் பேச்சைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எதிர்ப்புகளுக்கும் மனுக்களுக்கும் நடுவே 2024 சனவரி 24இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பெப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. இடையில் எட்டு நாள்கள்! குடிமகனின் தகவலைக் காக்கும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சபாநாயகர் ஒப்பமிட்டது 2022 மார்ச் 19இல். மூன்று ஆண்டுகள் பொறுத்து, 2025 மார்ச் 18இல் அதன் முக்கிய பகுதிகள் உயிர்பெறும் என்றனர். அந்த நாளும் நெருங்கியபோது பின்போடப்பட்டது. நிறுவனங்கள் இன்னும் ஆயத்தமில்லையாம். பேசும் மக்கள் ஆயத்தமா என்று எட்டு நாள்களுக்குள் எவரும் கேட்கவில்லை.

இவ்வேளையில் அரசாங்கத்தின் சொந்தப் பெட்டகமும் பத்திரமாயிருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் நிகழ்ந்த தாக்குதலில், அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன. அவற்றுட் பொதுமக்கள் அனுப்பிய விண்ணப்பங்களும் இருந்திருக்கும்.

நுண்கடன் வாங்கும் எமது தாய்மார் அடையாள அட்டைப் பிரதியையும், கணவரின் தொழிலையும், பிணைநிற்கும் அயலாரின் பெயர்களையும் கொடுத்தே கடன் பெறுகின்றனர். கைத்தொலைபேசிச் செயலி வழியே கடன் கொடுப்போர் இன்னும் ஒருபடி மேலே சென்று, அதிலுள்ள தொலைபேசி இலக்கங்கள் அனைத்தையும் பார்க்க அனுமதி கேட்கின்றனர். தவணை பிந்தினால் மைத்துனிக்கும் மகளின் தோழிக்கும் அழைப்புப் போகிறது. சனாதிபதியின் பக்கத்தைத் திறந்த பையனின் செய்தியை வகுப்பிற் கூறியபோது, பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி எழுந்து, "சேர், அம்மாவின் போனைத் திறந்தவங்களை எந்தச் சட்டத்தில பிடிப்பாங்க?" என்று கேட்டாள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று கரும்பலகையில் எழுதினேன். எப்போதிருந்து என்று அடுத்து வந்த கேள்விக்கு எழுத ஒரு திகதி என்னிடம் இருக்கவில்லை.